குடம் தட்டிய கை

அந்தக் குடும்பத்தில் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்ட முதல் ஆள் சின்ன முதலாளிதான். அவருடைய அப்பா இருபத்திரண்டு வருடமாக என்னை ‘ஏலே’ என்றே கூப்பிட்டார். அதில் எனக்குக் கோபம் கிடையாது. ஏலே என்று கூப்பிடுகிறவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரியும். அண்ணே என்று கூப்பிட்டவரிடம்தான் ஏமாந்தேன்.

நான் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன். சிவகாசியிலிருந்து ஆமத்தூர் போகிற வழியில், கரிசல் காட்டுக்குள் இருந்தது ஆலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். மழை இல்லாமல் காடெல்லாம் தரிசாகக் கிடந்த காலத்தில் நானும் அக்காவும் பட்டாசுக்கு வந்தோம். நான் வெடிமருந்து ரூமில் தொடங்கி, பரீட்சை எழுதி, போர்மேன் சர்டிபிகேட் வாங்கினேன். அக்கா சரம் பின்னும் ரூமில் இருந்தாள். வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்குவது அவள் வேலை. ஆலையிலேயே வேகமான கை அவளுடையது. அத்தான் குடித்தே செத்துப்போன பிறகு, அந்த விரல்களை வைத்துத்தான் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவளை நர்சிங் சேர்த்திருந்தாள்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. அரசாங்க விதியில் அது கிடையாது. முதலாளி போட்ட விதியும் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறி, ரூமுக்குள் காற்று நின்று, கை வேர்த்து மருந்து ஒட்ட ஆரம்பித்தால், அக்கா வெளியே வந்து தண்ணீர்க் குடத்தைத் தட்டுவாள். பிளாஸ்டிக் குடம்தான். இரும்பை, சில்வரை அங்கே தட்டக் கூடாது. காலிக் குடத்தில் உள்ளங்கையால் மூன்று அடி. சத்தம் கேட்டால் எல்லா ரூமிலும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எல்லாரும் வேப்ப மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். வெக்கை தணிகிற வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

எங்களுக்குப் பீஸ் ரேட்டு. செய்கிற சரக்குக்குத்தான் கூலி. மரத்தடியில் உட்காருகிற ஒவ்வொரு நிமிடமும் கூலியில் போகும். ஆனால் எல்லாருக்கும் போகும். ஒருத்தரை உட்கார வைத்துவிட்டு இன்னொருத்தர் முந்த முடியாது. குடம் தட்டுகிற பொறுப்பு ஏன் அக்காவிடம் இருந்தது என்றால், உட்கார்ந்தால் அதிகம் இழப்பது அவள்தான். அவளே எழுந்து வந்துவிட்டால் மற்றவர்கள் என்ன பேச முடியும்?

பேசத்தான் செய்வார்கள்.

“மதினி, இன்னைக்கு ஒங்க குடத்துக்கு என்ன அவசரம்? இன்னும் நாலு சரம் முடிச்சிருப்பேன்” என்பாள் ஒருத்தி.

“நாலு சரம் பின்னி யாரு கல்யாணத்துல வெடிக்கப் போற? ஒக்காரு.”

“பெரிய கலெக்டரு இவுக.”

“கலெக்டரு தட்டுனா நீ எந்திரிப்பியா? நான் தட்டுனா எந்திரிக்கிறேல்ல, பேசாம இரு.”

நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த மரத்தடியில் கோள்மூட்டல் நடந்தது. ஒருத்தி நூல்கண்டை இன்னொருத்தி எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, இல்லவே இல்லை என்று மாரியாத்தா மேல் சத்தியம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடம் தட்டிய பிறகு ரூமுக்குள் இருந்தவர் என்று ஒருத்தரைக்கூட அத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சின்ன முதலாளி இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். வந்த புதிதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் லைப்ரரி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

“அண்ணே, படிப்பீகளா?”

“சும்மா பொழுது போகப் பாப்பேன் சார்.”

“சார் எதுக்குண்ணே? நீங்க எங்க அப்பா காலத்து ஆளு.”

அடுத்த வாரம் மூன்று புத்தகம் கொடுத்தார். தமிழில்தான். மனிதன் எப்படித் தோன்றினான், ஐரோப்பாக்காரர்கள் எப்படிப் பணக்காரர்கள் ஆனார்கள் என்கிற மாதிரிப் புத்தகங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு முடித்ததும் ஆபீஸ் ரூமில் எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். அந்த ரூமில் அதற்கு முன் நான் உட்கார்ந்ததே இல்லை. டீ வரும். அவர் பேசுவார்.

“லட்சக்கணக்கான வருசமா ஒலகத்துல நடந்தது ஒண்ணுதான்ணே. முந்துனவன் பொழைச்சான், பிந்துனவன் போனான். முந்துனவன் பிள்ளைகதான் நாம. சுயநலம்கிறது நம்ம ரத்தத்துலயே இருக்கு. வெள்ளைக்காரன் அத ஒத்துக்கிட்டான். போட்டி போடுங்கடான்னு ஆள அவுத்து விட்டான். ஒரு சின்னத் தீவு, ஒலகத்தையே வாங்கிருச்சு.”

“நம்ம ஆளுக?” என்றேன்.

“நம்ம ஆளுக வேப்ப மரத்தடியில ஒக்காந்திருக்காகள்ல” என்றார்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த கையோடு அவர் திட்டத்தைச் சொன்னார். ரூமுக்கு ரூம் போட்டி. மாதத்தில் அதிகம் சரக்கு எடுக்கிற ரூமில் ஆளுக்கு ஒரு கிரைண்டர். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை. எந்த ரூம் எத்தனை என்று மத்தியானமும் சாயங்காலமும் அதில் எழுத வேண்டும். எழுதுவது நான். ஜனங்களிடம் எடுத்துச் சொல்வதும் நான்தான். “நான் சொன்னா மொதலாளி சொல்றான்னு நெனைப்பாக. நீங்க சொன்னா கேப்பாகண்ணே.”

கேட் அருகில் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசினேன். குரங்கு, கற்காலம், இங்கிலாந்து எல்லாம் வந்தது என் பேச்சில். படித்ததைக் காட்டிக்கொள்ள எனக்கும் ஆசை இருந்தது. பேசி முடித்ததும் அக்கா பின்வரிசையிலிருந்து கேட்டாள்.

“ஏலே, ஜெயிச்ச ரூமுக்கு கிரைண்டரு. சரி. நான் குடத்த தட்டுனா?”

“தட்டு. யாரு வேண்டாங்கிறா?”

“எந்திரிப்பாகளா?”

“அது அவுக அவுக இஷ்டம்க்கா.”

அவள் தன் ரூமைப் பார்த்து நடந்தாள். இத்தனை வருடம் அந்த மரத்தடியில் யாருடைய இஷ்டத்துக்கும் இடம் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் மாதம் எல்லாரும் எழுந்து வந்தார்கள். கொஞ்சம் மெதுவாக வந்தார்கள், கொஞ்சம் சீக்கிரமாக உள்ளே போனார்கள். இரண்டாவது மாதம் ஒரு ரூம் வரவில்லை. கிரைண்டர் அந்த ரூமுக்குப் போனது. அடுத்த வாரமே இன்னும் மூன்று ரூம் வரவில்லை. மரத்தடிக்கு வந்தவர்கள், “நாம மட்டும் கேணச்சிகளா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். பழைய ஒற்றுமை போய்விட்டது என்பது ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனதிலேயே தெரிந்துவிட்டது. வருடா வருடம் எல்லாரும் காசு போட்டு, வேன் பிடித்து, ஒன்றாகத்தான் போவோம். அந்த வருடம் ஜெயித்த ரூமுக்குக் கம்பெனியே கார் கொடுத்தது. மற்றவர்கள் சாத்தூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து வேறு பஸ் மாறிப் போனார்கள். கோயிலில் பார்த்துக்கொண்டபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா மட்டும் தினமும் குடத்தைத் தட்டினாள். தட்டிவிட்டு ஒற்றை ஆளாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும், இவளால் நம் ரூம் தோற்கிறது என்று வைதார்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. ஆர்டர் நெருக்கிப் பிடித்திருந்தது. உச்சி வெயில். நான் ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பலகையில் மத்தியானக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். குடம் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். கேட்டது. எழுதி முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பவும் தட்டினாள். வழக்கமாக ஒரு தடவைதான் தட்டுவாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, யாரும் வரவில்லை என்றதும் அவளே எழுந்து ரூம் ரூமாகப் போய்க் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். மருந்து செலுத்துகிற ரூமின் வாசல் நிலையில் வலது கையை ஊன்றி, “வெளிய வாங்கடா, வெந்து போவீக” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே தீப்பிடித்தது.

உள்ளே இருந்த இரண்டு பேரும் எதிர்வாசல் வழியாகப் பாய்ந்துவிட்டார்கள். முதுகில் காயம். யாரும் சாகவில்லை, அதனால் பேப்பரில் பெரிதாக வரவில்லை. அக்காவுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆறின பிறகு விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தபோது சின்ன முதலாளி வந்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒரு தாளை நீட்டினார்.

“அண்ணே, இன்சூரன்ஸுக்கு. ஒடனே போட்டாத்தான் அக்காவுக்குப் பணம் சீக்கிரம் வரும்.”

அவர் கொடுத்த புத்தகங்களை வரி விடாமல் படித்தவன் நான். சில பக்கங்களை இரண்டு தடவை படித்திருக்கிறேன். அவர் நீட்டிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதில் என்ன இருந்தது என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. நஷ்ட ஈடு கேட்டு அக்கா போட்ட மனு விருதுநகரில் விசாரணைக்கு வந்தது. ஆலையின் தரப்பில் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். சத்தமாகப் படித்தார்கள். உச்சி வேளையில் வேலையை நிறுத்துகிற வழக்கம் ஆலையில் இருந்தது, பரிசுக்கு ஆசைப்பட்டு தொழிலாளர்களே அதை மீறினார்கள். சரம் பின்னும் ரூமைச் சேர்ந்த பெண் தொழிலாளி, தன் ரூமை விட்டு, விதிக்கு மாறாக மருந்து ரூமுக்குப் போனார். போகக் கூடாது என்று போர்மேன் எச்சரித்தும் கேட்கவில்லை. கீழே என் கையெழுத்து.

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முக்காடு மாதிரி சேலை முந்தானையைக் கையின் மேல் போட்டு மூடியிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வெளியே வந்து சின்ன முதலாளியைப் பிடித்தேன்.

“என்ன தம்பி இது? ஒங்களுக்கே நல்லாருக்கா?”

அவர் வக்கீலைப் பார்த்தார். பிறகு என்னை. “போர்மேன், இதுல கோவப்பட ஒண்ணுமில்ல. இம்புட்டுப் பெரிய தொழில நான் காப்பாத்தணும். அவுக அவுக நலனைத்தான் அவுக அவுக பாப்பாக. மனுச இயல்பு அதுதான். நீங்க படிச்சதுதான?”

அன்றைக்கு நான் போர்மேன். அண்ணே இல்லை.

அதற்குப் பிறகு ஆலைக்குப் போகவில்லை. காரியாபட்டிப் பக்கம் ஒரு அரிசி கமிஷன் கடையில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போனேன். ஆத்திரத்தில் படித்தேன். அவர் எனக்குக் கொடுக்காமல் விட்ட புத்தகம் எது என்று தேடித் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலம் என்று இருந்திருக்கிறது. நம் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. அந்த ஊரில் யார் மாடு வேண்டுமானாலும் மேயலாம், விறகு பொறுக்கலாம். அதற்கு வேலி போட்டார்கள். சட்டம் போட்டு வேலி போட்டார்கள். வேலியைப் பிடுங்கியவர்களை ஜெயிலில் தள்ளினார்கள். நிலமில்லாமல் ஊர் ஊராக அலைந்தவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று சவுக்கால் அடித்தார்கள். போக்கிடம் இல்லாமல்தான் ஜனங்கள் மில்லுக்குள் போனார்கள். போட்டி போடுங்கள் என்று யாரும் யாரையும் அவிழ்த்து விடவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் அம்மா பருத்திக் காட்டிலிருந்து பட்டாசுக்கு எங்களை அனுப்பியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு என்ன இஷ்டம் இருந்தது?

பரிணாமம் பற்றியும் படித்தேன். முந்தினவன் பிழைத்தான் என்பது பாதிக் கதை. மான் குட்டி விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடுகிறது. மனுஷப் பிள்ளைக்கு நடக்கவே ஒரு வருடம் ஆகிறது. அதுவரை பெற்றவள் ஒருத்தியால் மட்டும் முடியாது, சுற்றி ஆள் வேண்டும். வேட்டைக்குப் போனவன் கொண்டு வந்ததைப் போகாதவனுக்கும் கொடுத்திருக்கிறான், நாளைக்கு இவன் கொண்டு வருவான் என்று. புலியைவிட நமக்குப் பல் சின்னது. தனித்தனியாக முந்திக்கொண்டு ஓடியிருந்தால் ஒவ்வொருத்தராகப் புலி தின்றிருக்கும். நமக்குள் சுயநலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நூல்கண்டு திருடியவளை எனக்குத் தெரியும். அவளும் குடம் தட்டினால் எழுந்து வந்தாள் என்பதுதான் நான் சொல்வது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்த முதலாளி வீட்டுக் கதையே போதும். அவர்களுடைய முன்னோர்கள் மாட்டின் மேல் பொதி ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். கோயில் வாசலில் நிற்க விடமாட்டார்கள் அவர்களை. எப்படி மேலே வந்தார்கள்? மகமை. ஒவ்வொரு வியாபாரியும் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு எடுத்து வைத்தார்கள். பெரிய கடை, சின்னக் கடை எல்லாரும் வைத்தார்கள். அந்தக் காசில் கோயில் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். சின்ன முதலாளி ஐந்தாம் வகுப்பு வரை படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். இன்றைக்கும் ஒரு பிரச்சினை என்றால் முதலாளிகள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கேட்டை மூடுகிறார்கள். அன்றைக்கு ஒருத்தர் மட்டும் ரகசியமாகத் திறந்து லோடு அனுப்பி முந்திக்கொள்வதில்லை. அவர்களுக்கும் ஒரு குடம் இருக்கிறது. சத்தம் கேட்டால் எழுந்து விடுகிறார்கள். எங்கள் குடத்தைத்தான் உடைத்தார்கள்.

சுயநலம் மனித இயல்பு என்றால் அதற்கு ஒரு பலகை எதற்கு, கிரைண்டர் எதற்கு, கேட் வாசலில் என் பிரசங்கம் எதற்கு? தண்ணீர் பள்ளத்துக்கு ஓட யாராவது கிரைண்டர் கொடுக்கிறார்களா? வேலியும் சவுக்கும் அங்கே. பலகையும் நானும் இங்கே. அக்காவும் மற்றவர்களும் காலம் காலமாகச் செய்து வந்ததுதான் இயல்பு. நான் போய் அதைக் கெடுத்தேன். கெடுத்த பிறகு, பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான் என்று என் கையெழுத்தை வைத்தே எழுதிவிட்டார்கள்.

அடுத்த விசாரணைக்கு நான்கு நாள் முன்பு அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. மூத்த பிள்ளை பீஸ் கட்ட முடியாமல் நர்சிங்கை நிறுத்திவிட்டு, பிரிண்டிங் பிரஸ் ஒன்றில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போய்க்கொண்டிருந்தது. அக்கா முறத்தை மடியில் வைத்து இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

“அந்தத் தாளுல உள்ளது பொய்யின்னு போய்ச் சொல்லப் போறேன்க்கா.”

“சொன்னா?”

“போர்மேன் சர்டிபிகேட்ட பறிச்சிருவாக. என் மேலயும் கேஸு வரும்.”

கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு கல்லை வாசலில் எறிந்துவிட்டுக் கேட்டாள்.

“என்னைய எச்சரிச்சேன்னு எழுதியிருக்கு. எச்சரிச்சியா?”

“இல்ல.”

“நான் தட்டுனது கேட்டுச்சா?”

இதைக் கேட்பாள் என்று தெரியும். பஸ்ஸில் வரும்போதே இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தேன்.

“கேட்டுச்சுக்கா. ரெண்டு தடவையும் கேட்டுச்சு.”

“எங்கன இருந்த?”

“பலகையில எழுதிக்கிட்டு இருந்தேன்.”

முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“வெறுமனே பொய்யின்னு சொல்லிட்டு வந்திராத. இதச் சொல்லு. கேட்டுச்சு, எந்திரிக்கலன்னு சொல்லு. அம்புட்டுதான்.”

விருதுநகரில் என்னை நிறுத்திக் கேட்டபோது, ஆலையின் வக்கீல் எழுந்து, எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் மாற்றிப் பேசுகிறீர், சொந்த அக்காவுக்குப் பணம் வரும் என்பதாலா, சுயநலமா என்றார். ஆமாம் என்றேன். பிறகு, கேட்டது, எழவில்லை என்று சொன்னேன். குடத்தை யார் தட்டுவது, எதற்குத் தட்டுவது, பலகை யார் மாட்டியது, அதில் யார் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இந்தத் தடவை அவர்கள் எழுதிய தாளை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

சின்ன முதலாளி அந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட்டை ரத்து செய்து கடிதம் வந்துவிட்டது. அக்காவின் மனுவுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை, தேதி தள்ளிப்போகிறது. ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவள் ஜன்னல் ஓரம் உட்காருவாள். டிக்கெட்டை நான் எடுக்கிறேன். இன்னும் அதிகம் பேசுவதில்லை.